புரொபேஷன் ரத்தானால் என்ன செய்வது: அப்பீலா, ரிவிஷனா, இல்லை உள்ளே இருந்து முடித்துவிடுவதா?

போன வருஷம் ஆடி மாதத்தில் ஒரு அக்கா வந்து என் மேசை மேல் பிளாஸ்டிக் உறை ஒன்றை வைத்தார். உள்ளே ரேஷன் கார்டு, இரண்டு ஆதார் நகல், ஒரு மருந்துச் சீட்டு, நடுவே நாலாக மடித்து மடிப்பெல்லாம் கிழிந்துபோன பாண்டு பத்திரம். தம்பிக்கு வயது 24. கோயில் திருவிழாவில் வாய்த்தகராறு முற்றி, ஒருவரை உருட்டுக்கட்டையால் அடித்ததற்காகப் பழைய இந்திய தண்டனைச் சட்டம் 324ஆம் பிரிவில் வழக்கு. குற்றம் நிரூபணம் என்று சொன்ன மாஜிஸ்திரேட், சிறைக்கு அனுப்பாமல் இரண்டு வருஷ நன்னடத்தைப் பிணையில், அதாவது புரொபேஷனில், விட்டிருந்தார். மாதம் ஒருமுறை நன்னடத்தை அலுவலரிடம் கையெழுத்து, சொல்லாமல் ஊர் மாறக் கூடாது, குடிக்கக் கூடாது, அவ்வளவுதான் நிபந்தனை. பையன் திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போய்விட்டான். ஐந்து மாதம் கையெழுத்து இல்லை. அலுவலர் அறிக்கை அனுப்பினார், சம்மன் பழைய முகவரிக்குப் போய்த் திரும்பியது, பிடிவாரண்ட், கைது, ரிமாண்ட், பதினோராம் நாள் ஆறு மாதச் சிறை.

"அப்பீல் போடணுமா சார், இல்லை நேரா ஹைகோர்ட்டுக்கே போயிடலாமா, ஆறு மாசம்தானே, இருந்துட்டே வந்துடட்டுமா?" என்று ஒரே மூச்சில் கேட்டார். இந்த மூன்று கேள்வியும் ஒவ்வொரு குடும்பமும் கேட்பதுதான். பதில் எல்லோருக்கும் ஒன்று கிடையாது, ஆனால் எதை வைத்து முடிவெடுப்பது என்பதைச் சொல்ல முடியும்.

முதலில் கையில் இருப்பது எந்தப் பிணை என்று பாருங்கள். ஆர்.டி.ஓ. முன்னாலோ வேறு நிர்வாக நடுவர் முன்னாலோ "இனிமேல் தகராறு செய்யமாட்டேன்" என்று எழுதிக் கொடுத்த பத்திரத்தையும் ஊரில் நன்னடத்தைப் பிணை என்றுதான் சொல்வார்கள். அது பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 107, 110 பிரிவு சமாச்சாரம். அதில் நீங்கள் குற்றவாளி என்று யாரும் தீர்ப்புச் சொல்லவில்லை. சமாதானத்தைக் காப்பேன் என்ற பிணையை மீறியதாக உள்ளே தள்ளும் 122ஆம் பிரிவு உத்தரவுக்கு எதிராகத் தமிழ்நாட்டில் வழக்கமாகப் போடுவது உயர் நீதிமன்றத்தில் சீராய்வு (ரிவிஷன்) மனு. இந்த அதிகாரத்தை போலீஸ் துணை ஆணையர்களுக்குக் கொடுத்த அரசாணைகளைச் சென்னை உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு 2023 மார்ச்சில் செல்லாது என்று சொன்னதும் அந்த வகை வழக்கில்தான். நான் இங்கே பேசுவது 1958ஆம் ஆண்டுக் குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டம். இரண்டையும் குழப்பிக்கொண்டு தவறான கோர்ட்டில் தவறான மனுவோடு ஒரு மாதத்தைத் தொலைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன், அந்த ஒரு மாதமும் பையன் உள்ளேதான் இருந்தான்.

1958 சட்டத்தின் 4ஆம் பிரிவில் விடும்போது குற்றம் மட்டும் உறுதியாகிறது, தண்டனை எவ்வளவு என்று சொல்வதே இல்லை. "கூப்பிடும்போது வந்து தண்டனையை வாங்கிக்கொள்கிறேன்" என்றுதான் பாண்டில் கையெழுத்துப் போடுகிறோம். அதிகபட்சம் மூன்று வருஷத்துக்கு. நிபந்தனையை மீறியதாக அறிக்கை வந்தால் 9ஆம் பிரிவு. விசாரித்து, மீறல் உண்மை என்று திருப்தியானால் நீதிமன்றத்துக்கு இரண்டு வழி: பழைய குற்றத்துக்கு அங்கேயே தண்டனை விதிக்கலாம், அல்லது இது முதல் மீறல் என்றால் பாண்டை அப்படியே வைத்துக்கொண்டு ஐம்பது ரூபாய்க்கு மிகாமல் அபராதம் போடலாம். ஐம்பது ரூபாய், 1958இல் எழுதியது, இன்றும் அதேதான், இரண்டு டீ இரண்டு வடைக்குச் சரியாகப் போய்விடும். இந்த இரண்டுக்கும் நடுவில் ஒன்றும் இல்லாததால்தான் மாஜிஸ்திரேட்டுகள் சட்டென்று சிறைப் பக்கம் சாய்கிறார்கள் என்பது என் எண்ணம்.

அந்த உத்தரவில் எது கோணல் என்று கண்டுபிடிப்பதுதான் அடுத்த வேலை. எந்தக் கோர்ட்டுக்குப் போவது என்பதை அதுதான் முடிவு செய்யும். மீறலே நடக்கவில்லை என்கிறீர்களா? மீறல் உண்மைதான், ஆனால் ஐம்பது ரூபாயோடு விட்டிருக்கலாம் என்கிறீர்களா? சிறை சரி, ஆறு மாதம் அதிகம் என்கிறீர்களா? விசாரணையே இல்லாமல் அறிக்கையை மட்டும் படித்துவிட்டு எழுதிவிட்டார் என்கிறீர்களா? நான்கும் நான்கு வேறு வாதங்கள். அக்காவிடம் நான் கேட்ட முதல் கேள்வி, நிபந்தனை எழுதிய காகிதத்தை அன்றைக்குத் தம்பி கையில் கொடுத்தார்களா என்பது. உறையைக் கொட்டித் தேடினோம். பாண்டு பத்திரம் இருந்தது, மேற்பார்வை உத்தரவின் நகல் இல்லை. 4ஆம் பிரிவின் 5ஆம் உட்பிரிவு தெளிவாகச் சொல்கிறது: நிபந்தனைகளை அவனுக்கு விளக்க வேண்டும், அவனுக்கு ஒரு நகல், ஜாமீன்தாரருக்கு ஒரு நகல், அலுவலருக்கு ஒரு நகல். ஊர் மாறக் கூடாது என்று அவனுக்குத் தெரியவே தெரியாது என்று முழுக்கச் சாதிக்க முடியாது, கையெழுத்துப் போட வேண்டும் என்பது தெரிந்துதான் ஏழு மாதம் போய்ப் போட்டிருக்கிறான். ஆனால் எந்த நிபந்தனையை மீறினான் என்று துல்லியமாகச் சொல்லாத உத்தரவுக்கு எதிராக இது நல்ல பிடி.

சரி, அப்பீல். பையன் போக வேண்டிய இடம் அமர்வு நீதிமன்றம். சட்டம் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 374ஆம் பிரிவு, 2024 ஜூலை 1 முதல் அதற்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 415. முப்பது நாள் கெடு. தீர்ப்பு நகலுக்கு மனு போட்டுக் காத்திருக்கும் நாட்கள் அதில் சேராது, சிறைத் தண்டனை என்றால் நகலை இலவசமாக உடனே கொடுக்க வேண்டும் என்பதும் சட்டம்தான், கேட்டு வாங்க வேண்டும். சிறையில் இருந்தபடியே சிறை அதிகாரியிடம் அப்பீல் மனுவைக் கொடுக்கலாம், அவர் அனுப்பி வைக்க வேண்டும். அப்பீலில் சாட்சியம், அறிக்கை, தண்டனை அளவு எல்லாவற்றையும் புதிதாக ஒருவர் படித்துப் பார்ப்பார். தண்டனை முதல் முறையாக இப்போதுதான் விதிக்கப்படுகிறது என்பதால் அதன் அளவைப் பற்றி முழுதாக வாதாட இடம் இருக்கிறது. இன்னொன்று, நீங்கள் போட்ட அப்பீலில் உங்கள் தண்டனையைக் கூட்ட முடியாது. "போய் வம்பை விலைக்கு வாங்கிடுவோமோ" என்று பயப்படுபவர்களுக்கு இதை மட்டும் இரண்டு முறை சொல்வேன்.

அப்பீலின் பெரிய பலம் வேறொன்று, பல அப்பீல் மனுக்களின் காரணங்களில் அதை எழுதவே மாட்டார்கள். 1958 சட்டத்தின் 11ஆம் பிரிவின்படி நன்னடத்தையில் விடும் அதிகாரம் விசாரணை நீதிமன்றத்துக்கு மட்டுமில்லை, அப்பீலிலோ சீராய்விலோ வழக்கு வந்துவிட்டால் அந்த மேல் நீதிமன்றத்துக்கும் உண்டு. ரத்தன் லால் வழக்கில் 1964இல் உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவை விரிவாகவே படித்தது. ஆகவே "தண்டனையைக் குறையுங்கள்" என்று மட்டும் கேட்காமல், "மீதி இருக்கும் காலத்துக்குப் பழைய பாண்டிலேயே விடுங்கள், இப்போது திருப்பூர் முகவரியில் இருக்கிறான், அங்கேயே கையெழுத்துப் போட உத்தரவிடுங்கள்" என்று கேட்கலாம். வேலை செய்யும் கம்பெனியின் சம்பளச் சீட்டு, வாடகை வீட்டுக்காரரின் கடிதம், இவற்றை வைத்துக் கேட்டால் நீதிபதிக்கும் ஒரு வழி தெரியும். அவன் ஓடிப்போகவில்லை, வேலைக்குப் போனான் என்பதைக் காட்டுகிற காகிதம் எந்தச் சட்டப் பாயிண்டையும் விடப் பேசும்.

அப்பீலின் பலவீனம் காலம். ஆறு மாதத் தண்டனைக்கான அப்பீல் ஆறு மாதத்துக்குள் இறுதி விசாரணைக்கு வரும் என்று யாராவது உங்களுக்கு வாக்குக் கொடுத்தால் அவர் வேறு ஊர்க்காரராக இருக்க வேண்டும். வாய்தா, பிராசிக்யூஷன் தயாரில்லை, கீழ்க் கோர்ட் கட்டு வரவில்லை, இடையில் கோடை விடுமுறை. அதனால் அப்பீலோடு கூடவே தண்டனையை நிறுத்திவைக்கும் மனு போட்டே ஆக வேண்டும், அது இல்லாத அப்பீல் இந்த மாதிரிக் குறுகிய தண்டனைக்கு வெறும் காகிதம். பழைய 389, இப்போது 430. பெரும்பாலானவர்கள் இடறி விழும் இடமும் இதுதான். மூன்று வருஷத்துக்கு மிகாத தண்டனை என்றால், தண்டனை கொடுத்த மாஜிஸ்திரேட்டே அப்பீல் போடும் வரை ஜாமீனில் விடலாம், ஆனால் அந்த நேரத்தில் அவன் ஏற்கெனவே ஜாமீனில் இருந்திருக்க வேண்டும். 9ஆம் பிரிவு விசாரணை நடக்கும்போது அவனை ரிமாண்டில் வைக்கவும் முடியும், ஜாமீனில் விடவும் முடியும். அந்தப் பதினோரு நாளில் யாராவது ஒரு ஜாமீன் மனு போட்டிருந்தால், தீர்ப்பு நாளன்று சாயங்காலமே வீட்டுக்கு வந்திருப்பான். "எப்படியும் விட்டுடுவாங்கன்னு நினைச்சோம்" என்றார் அக்கா. சம்மன் வந்த அன்றே செய்ய வேண்டிய வேலை அது, இதைப் படிக்கிறவர்களில் யாருக்காவது இன்னும் உத்தரவு வரவில்லை, நோட்டீஸ் மட்டும்தான் வந்திருக்கிறது என்றால் இந்தப் பத்தியை மறுபடி படியுங்கள். அதோடு நன்னடத்தை அலுவலரையும் போய்ப் பாருங்கள், நிபந்தனையை மாற்றச் சொல்லி அவரே 8ஆம் பிரிவில் மனு போட முடியும், ஊர் மாறிய விஷயம் அப்போதே முடிந்துவிடும்.

ரிவிஷன் என்கிற சீராய்வு வேறு ரகம். தொண்ணூறு நாள் கெடு இருப்பதால் நிறையப் பேருக்கு அது வசதியாகத் தெரிகிறது. அமர்வு நீதிமன்றத்திலும் போடலாம், சென்னையிலோ மதுரையிலோ உயர் நீதிமன்றத்திலும் போடலாம், ஆனால் ஏதாவது ஓர் இடத்தில்தான், அங்கே ஒருமுறை இங்கே ஒருமுறை என்று நடக்காது. அங்கே சாட்சியத்தை மறுபடி எடை போடமாட்டார்கள், உத்தரவு சட்டப்படி சரியா, முறையாக எழுதப்பட்டதா என்றுதான் பார்ப்பார்கள். உயர் நீதிமன்றம் நினைத்தால், நோட்டீஸ் கொடுத்துவிட்டு, சீராய்வில் தண்டனையைக் கூட்டவும் செய்யலாம். அபூர்வம்தான், ஆனால் அப்பீலில் இல்லாத அபாயம். எல்லாவற்றுக்கும் மேலே, அப்பீல் போட வழி இருந்தும் போடாமல் விட்டவர் சீராய்வுக்கு வரக் கூடாது என்று சட்டமே தடுக்கிறது. அப்பீல் கிடையாது என்று தவறாக நம்பிப் போட்டிருந்தால் அதை அப்பீலாகவே எடுத்துக்கொள்ள உயர் நீதிமன்றத்துக்கு இடம் உண்டு, ஆனால் அதையே நம்பித் திட்டம் போடக் கூடாது. முப்பது நாள் தாண்டிவிட்டதா, தாமதத்தை மன்னிக்கச் சொல்லி மனு போட்டு அப்பீலுக்கே போங்கள். நீங்கள் சிறையில் இருந்தீர்கள், வீட்டில் ஆள் இல்லை, நகல் தாமதமாகக் கிடைத்தது, இவையெல்லாம் கேட்கத் தகுந்த காரணங்கள்.

அப்படியானால் ரிவிஷன் யாருக்கு? சிறை இல்லாமல் ஐம்பது ரூபாய் அபராதம் போட்டுவிட்டு, மீறினான் என்று பதிவு செய்துவிட்டார்களே, அவர்களுக்கு. ஐம்பது ரூபாய்க்காகவா என்று சிரிக்காதீர்கள். "முதல் மீறல்" என்ற சலுகை அத்தோடு தீர்ந்துவிட்டது, அடுத்த முறை நேராகத் தண்டனைதான். செய்யாத மீறலுக்கு அந்த ஐம்பது ரூபாயைக் கட்டியவர், மிச்சமிருக்கும் ஒரு வருஷத்தையும் கயிற்றின் மேல் நடக்க வேண்டியிருக்கும். ஆனால் உண்மையாகவே மீறியிருந்தால் கட்டிவிட்டு வாயை மூடிக்கொள்வதே நல்லது. குறித்த நாளுக்குள் கட்டாவிட்டால் அதற்கும் தண்டனைதான்.

நேராக உயர் நீதிமன்றத்தில், அதன் உள்ளார்ந்த அதிகாரத்தைப் பயன்படுத்தச் சொல்லும் பழைய 482, இப்போதைய 528 மனு. இதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கீழே அப்பீல் இருக்கும்போது இங்கே ஏன் வந்தீர்கள் என்றுதான் முதல் கேள்வி வரும். பாண்டு காலம் முடிந்த பிறகு நடந்ததை வைத்து நடவடிக்கை எடுத்திருக்கிறார்கள் என்ற மாதிரி, முகத்திலேயே தெரியும் கோளாறு இருந்தால் மட்டும் யோசிக்கலாம். "பெரிய கோர்ட், பெரிய வக்கீல்" என்ற ஆசையில் போகிறவர்கள் பஸ் காசையும் பீஸையும் இழந்துவிட்டு மாவட்டத் தலைநகருக்கே திரும்பி வருகிறார்கள்.

இப்போது அக்காவின் மூன்றாவது கேள்வி, எனக்கு உண்மையில் கஷ்டமாக இருப்பது அதுதான். இருந்துவிட்டு வந்துவிடட்டுமா? சில பேருக்கு அது முட்டாள்தனமான யோசனை இல்லை. ஒரு மாதம் தண்டனை, ஆரம்பத்தில் கைதானபோது பதினெட்டு நாள் ரிமாண்டில் இருந்தான் என்றால் அந்த நாட்கள் புதிய நடைமுறைச் சட்டத்தின் 468ஆம் பிரிவில் கழியும், மிச்சம் பன்னிரண்டு நாள். அதற்கு அப்பீல், ஜாமீன்தாரர் இரண்டு பேர், சொத்து வரி ரசீது, மாதாமாதம் வாய்தாவுக்கு லீவு என்று அலைவதை விட முடித்துவிட்டு வேலைக்குப் போவது மேல் என்று தினக்கூலிக்காரர் கணக்குப் போட்டால் நான் எதிர்த்துப் பேசமாட்டேன். ஆனால் அந்த முடிவை எடுப்பதற்கு முன் 1958 சட்டத்தின் 12ஆம் பிரிவை ஒருமுறை படித்துக் காட்டுவேன். நன்னடத்தையில் விடப்பட்டவருக்கு, குற்றத் தீர்ப்பால் வேறு சட்டங்களில் வரும் தகுதியிழப்பு எதுவும் ஒட்டாது என்கிறது அது. அப்படிச் சொல்லிவிட்டு ஒரு வால் வைத்திருக்கிறது: 4ஆம் பிரிவில் விடப்பட்ட பிறகு அதே குற்றத்துக்குத் தண்டனை பெற்றால் இந்தப் பாதுகாப்பு கிடையாது. ஆக, பன்னிரண்டு நாளில் முடிகிற சிறை, அந்தக் கவசத்தை மொத்தமாகக் கழற்றிவிடுகிறது.

அந்தக் கவசமும் எல்லாவற்றையும் தடுக்காது என்பதையும் சொல்லிவிட வேண்டும். டெல்லி பால் திட்டத்தில் கேஷ் கிளார்க்காக இருந்து 500 ரூபாய் விவகாரத்தில் மாட்டி, நன்னடத்தையில் விடப்பட்டவரின் வழக்கு, சங்கர் தாஸ் என்ற பெயரில் 1985இல் உச்ச நீதிமன்றம் போனது. துறைரீதியாக வேலையை விட்டு நீக்குவதை 12ஆம் பிரிவு தடுக்காது என்றுதான் நீதிமன்றம் சொன்னது, அந்த வழக்கில் நீக்கியது நியாயமில்லை என்று அவருக்கு வேலையைத் திருப்பிக் கொடுத்தது வேறு விஷயம். ஆகவே அரசு வேலையில் இருப்பவருக்கு நன்னடத்தையே முழுக் காப்பு இல்லை, அதையும் இழந்தால் நிலைமை இன்னும் மோசம். பாஸ்போர்ட் கனவில் இருப்பவர்களுக்கு வேறு கணக்கு: ஒழுக்கக்கேடான குற்றத்துக்கு இரண்டு வருஷத்துக்குக் குறையாத தண்டனை பெற்று ஐந்து வருஷம் ஆகவில்லை என்றால் மறுக்க வேண்டும் என்பது பாஸ்போர்ட் சட்டம். ஆறு மாதத்துக்கு அது பொருந்தாது, இரண்டு வருஷம் கொடுத்திருந்தால் அளவைக் குறைக்கவாவது அப்பீல் போட்டே ஆக வேண்டும். வளைகுடா போகும் பையன்களின் அம்மாக்களிடம் நான் சிறை நாட்களைப் பற்றிப் பேசுவதை விட இதைப் பற்றித்தான் அதிகம் பேசுகிறேன்.

"நான் அடிக்கவே இல்லை சார்" என்று இந்தக் கட்டத்தில் ஒருவர் ஆரம்பிப்பார். அதற்கான நேரம் போய்விட்டது. 4ஆம் பிரிவு உத்தரவு வந்த அன்றே, 11ஆம் பிரிவில் அதற்கென்று தனியாக அப்பீல் உண்டு, அப்போது "வீட்டுக்கு விட்டுட்டாங்களே, எதுக்கு அப்பீல்" என்று விட்டிருப்பார்கள். ஒன்றரை வருஷம் கழித்து, மீறல் வழக்கின் அப்பீலில் மூல வழக்கின் சாட்சிகளைத் திரும்ப இழுத்தால் நீதிபதி நிமிர்ந்துகூடப் பார்க்கமாட்டார், உங்கள் நல்ல வாதமும் அந்தச் சலிப்பில் அடிபட்டுப் போகும். உண்மையிலேயே மூலத் தீர்ப்பு அநியாயம் என்றால் தாமத மன்னிப்பு மனுவோடு தனி அப்பீல், அதையும் இதையும் ஒரே மனுவில் கலக்காதீர்கள்.

காசு இல்லை என்பதற்காக எந்த வழியையும் விட வேண்டாம். காவலில் இருப்பவர், பெண்கள், பட்டியல் சாதி, பழங்குடியினர் யாராக இருந்தாலும் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் தர வேண்டும் என்பது 1987ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டம். மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கும், 15100க்குப் போன் செய்தாலும் வழி சொல்வார்கள்.

அந்தப் பையனுக்கு நாங்கள் அப்பீலும் நிறுத்திவைப்பு மனுவும் சேர்த்துப் போட்டோம். எட்டாம் நாள் வெளியே வந்தான், அப்பீல் முடியப் பத்து மாதம் ஆனது. நகல் கொடுக்காத பாயிண்டை நீதிபதி ஒரு வரியில் குறித்துக்கொண்டார், அதற்காக மீறலே இல்லை என்று சொல்லவில்லை. சம்பளச் சீட்டைத்தான் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தண்டனையை ரத்து செய்து, மீதிக் காலத்துக்குத் திருப்பூர் முகவரியில் பாண்டு.

எல்லாம் முடிந்தது என்று நாங்கள் நினைத்த பிறகுதான் அக்காவின் தாய்மாமா வந்தார். மூல வழக்கில் ஜாமீன் போட்டவர், பிணைத் தொகை பத்தாயிரம் ரூபாயை ஏன் கட்டக் கூடாது என்று மாஜிஸ்திரேட் கோர்ட்டிலிருந்து அவருக்கு அப்போதே நோட்டீஸ் போயிருக்கிறது, மருமகன் வெளியே வந்துவிட்டதால் அது தானாகத் தீர்ந்துவிடும் என்று டிரங்குப் பெட்டியில் போட்டு வைத்துவிட்டார். அது தனி நடவடிக்கை, அதற்குத் தனி உத்தரவு, தனி அப்பீல், பையனின் அப்பீலில் ஜெயித்தாலும் இவர் பெயரில் உள்ள உத்தரவு தன் பாட்டுக்கு நிற்கும். நோட்டீஸில் முத்திரைத் தேதி பார்த்தேன், ஏழு மாதம் ஆகியிருந்தது. தாமத மன்னிப்பு மனு அடிக்க உட்கார்ந்தோம்.